புது வண்டி வரட்டும், காது குத்தலாம்

வீரமுத்துவின் மகள் தேவயானிக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காது குத்தவில்லை. காரணத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: ராணுவத்துக்குப் புது வண்டி இன்னும் வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஊர்க்காரர்களும் முதல் இரண்டு வருடம் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

வாலிகண்டபுரத்துக்கு அந்தப் பக்கம், மழையை நம்பிச் சோளமும் பருத்தியும் போடுகிற ஊர். வீரமுத்து மீசை அரும்பிய வயதில் பட்டாளத்துக்குப் போனவர். அங்கே அவருக்கு வாய்த்தது கவச வண்டி ஓட்டுகிற வேலை. டாங்கி மாதிரி இருக்கும், ஆனால் டாங்கி இல்லை. சிப்பாய்களை வயிற்றில் ஏற்றிக்கொண்டு சண்டை நடக்கிற இடம் வரை போய் இறக்கிவிடும். மேலே ஒரு சின்ன பீரங்கியும் உண்டு. சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் செயின். ரஷ்யாக்காரர்கள் மாதிரியில் செய்தது. பின்னால் உட்காருகிறவர்கள் முதுகோடு முதுகு ஒட்டி, முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார வேண்டும். பின் கதவுகளுக்குள்ளேயே டீசல் தொட்டி. வெயில் காலத்தில் உள்ளே இட்லி வைத்தால் வேகும் என்பார் வீரமுத்து. அந்த வண்டிக்கு இருந்த ஒரே பெருமை, தண்ணீரில் மிதக்கும் என்பது.

1995இல் ராஜஸ்தானில் ஒரு கால்வாயைக் கடக்கும் பயிற்சியில் அது மிதக்கவில்லை. மூக்கு அமிழ்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்தது. வீரமுத்து தன் இருக்கைக்கு மேலிருந்த மூடியைத் திறந்து வெளியேறிவிட்டார். பின்னால் இருந்தவர்களும் மேல்மூடி வழியாக ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கடைசி ஆள் ஆரோக்கியசாமி. வரதராஜன்பேட்டைப் பையன், இருபத்திரண்டு வயது. வீரமுத்து வண்டியின் முதுகில் குப்புறப் படுத்து உள்ளே கையை விட்டார். சட்டைக் காலர் அகப்பட்டது. நனைந்த ஆளைக் காலரைப் பிடித்துத் தூக்க முடியாது. அக்குளுக்குள் கை கொடுத்தால்தான் ஆள் வருவான். அக்குளுக்குக் கை எட்டவில்லை.

உடலோடு ஊருக்குப் போனவர்களில் வீரமுத்துவும் ஒருவர். ஆரோக்கியசாமியின் அம்மா அழுது முடித்திருந்தாள். இவரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டி பழசாப்பா?"

"ஆமாம்மா. புதுசு வரப்போவுது."

அப்போது அப்படிப் பேச்சு அடிபட்டது உண்மைதான். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்று ஊர் வந்தார். மனைவி பொன்னுத்தாய், கைக்குழந்தை தேவயானி. குழந்தைக்கு சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதென்று நாள் பார்த்தார்கள். அந்தக் கோவில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும், வெள்ளிக்கிழமை முடிவாயிற்று. தாய்மாமன் தங்கசாமி, பொன்னுத்தாய்க்கு அண்ணன், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் ஓட்டுகிறவர். தோடு, பட்டுப் பாவாடை, வெண்கலத் தட்டு, விருந்துக்கு ஒரு கிடா என்று சீரோடு வந்து இறங்கினார்.

அதற்கு முந்தைய நாள்தான் வீரமுத்துவுக்குச் சேதி வந்திருந்தது. ஆவடிக்கு அப்பால் ஒரு பட்டறையில் பழைய வண்டிக்குப் பதிலாகப் புது வண்டி செய்யப் போகிறார்கள். பழையதை ஓட்டித் தெரிந்த டிரைவர்கள் வேண்டும். இவரை எடுத்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க மனிதர் தூங்கவில்லை.

மொட்டை போட்டாயிற்று. குழந்தை சந்தனத் தலையோடு தங்கசாமி மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். வீரமுத்து திடீரென்று கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அம்மன் சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டு, எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"புது வண்டி வந்து நம்ம பசங்க அதுல ஏறட்டும் தாயே. அதுக்கப்புறந்தான் எம்மவ காதுல தங்கம் ஏறும்."

பூசாரி கற்பூரத்தைக் காட்டிவிட்டார். முடிந்தது. ஆசாரி கம்பியைத் துணியில் சுற்றி வைத்தார். தங்கசாமிக்கு முகம் சிவந்துபோயிற்று. தனியாக இழுத்துக்கொண்டு போய் என்ன இது என்று கேட்டார். இரண்டே வருடம்தான் மச்சான், அதற்குள் வண்டி வந்துவிடும் என்று இவர் சமாதானம் சொன்னார். கிடாவை அடித்தார்கள். காது குத்தாத காதுகுத்து விருந்து என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்கள். அம்மன் முன்னால் வாயைத் திறந்து சொன்னதை வீட்டுக்கு வந்து சண்டை போட்டு மாற்ற முடியாது என்று பொன்னுத்தாய்க்குத் தெரியும்.

பட்டறையில் வண்டி வளர்ந்தது. வளர்ந்தது என்பதுதான் சரி. முதலில் வெறும் இரும்புக் கூடு. ஆட்கள் வசதியாக உட்காரவும், பின்பக்கமாக மளமளவென்று இறங்கவும் இடம் விட்டிருந்தார்கள். வீரமுத்து அதற்குள் போய் உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்து, வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தகடு போதாது, குண்டு துளைக்கும் என்றார்கள், தகடு கனத்தது. கனத்த தகட்டை இழுக்க எஞ்சின் போதவில்லை. பெரிய எஞ்சின் வந்தது. எஞ்சினுக்கேற்ற கியர், கியருக்கேற்ற செயின், கண்ணிவெடி தாங்குகிற அடித்தளம். கடைசியில், அதெல்லாம் சரி, தண்ணீரில் மிதக்க வேண்டுமே என்றார்கள். கேட்கிற அதிகாரிகள் மூன்று வருடத்துக்கொருமுறை மாறினார்கள். புதிதாக வந்தவர் புதிதாக ஒன்று கேட்டார். யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. போருக்குப் போகிற வண்டிக்கு எல்லாமும்தான் வேண்டும்.

அங்கே இன்ஜினியராக இருந்தவர் ஷஃபியுல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் துபாயிலும் சார்ஜாவிலும் இருக்க, இவர் மட்டும் இந்த வண்டியோடு உட்கார்ந்திருந்தார். வேலை என்னவென்று வீட்டில் விவரம் சொல்லக் கூடாது. அதனால் அவருடைய அத்தா ஊரில் கேட்கிறவர்களிடம், "அவன் கவர்மெண்டுல இரும்படிக்கிறான்" என்று சொல்லிவைத்திருந்தார். விடுமுறைக்கு ஊர் வரும்போது அவரும் வீரமுத்துவும் ஒரே பஸ்ஸில் வருவார்கள். தொழுதூரில் இறங்கும்போது ஷஃபியுல்லா தவறாமல் கேட்பார், பாப்பாவுக்குக் காது குத்தியாச்சா அண்ணே என்று. தெரிந்துதான் கேட்பார். இல்லை சார் என்பார் வீரமுத்து. அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போவார்.

வீரமுத்துவின் வேலை ஓட்டுவது. மேட்டில் ஏற்று, பள்ளத்தில் இறக்கு, சேற்றில் விடு, நிறுத்து, மறுபடி எடு. கோடையில் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுவார்கள். ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததைக் கழற்றி ஆவடிக்கு அனுப்பி, அது திரும்பி வரும்வரை கூடாரத்தில் மணலைத் தின்றுகொண்டு கிடக்க வேண்டும். இடது காது மந்தமாயிற்று. முதுகெலும்பு தேய்ந்தது. காலையில் எழுந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்று பிறகுதான் நடக்க முடிந்தது. இரண்டு வருடம் நான்காயிற்று, ஆறாயிற்று. வரதராஜன்பேட்டைப் பக்கம் அவர் போகவே இல்லை. போனால் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊரில் தங்கசாமி வருடா வருடம் காதுகுத்துக்கென்று ஒரு கிடா வளர்த்தார். அது முற்றிப்போனதும் விற்றுவிட்டு அடுத்த குட்டியைக் கட்டினார். வீரமுத்து விடுமுறையில் வரும்போதெல்லாம் தங்கசாமியின் நலம் விசாரிப்பு ஒரே மாதிரி இருக்கும்.

"என்ன மாப்ள, வண்டி மிதக்குதா?"

"பாத்துக்கிட்டு இருக்காங்க மச்சான்."

"எங்க கிடாவ வேணா வந்து பாக்கச் சொல்லு. அது நல்லா மிதக்கும்."

தேவயானி பள்ளிக்கூடம் போனாள். மூளிக்காது என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலில் அழுதாள். மூன்றாம் வகுப்பில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள்: மடலில் காதுக்கொன்றாகச் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் வேர்வையில் ஒன்று விழுந்து, ஒற்றைத் தோடோடு வீடு வருவாள். ஊர்ப் பெண்கள் பொன்னுத்தாயிடம் ஜாடையாகப் பேசினார்கள். பெண் வளர்கிறாள், இன்னும் கொஞ்ச நாளில் வயதுக்கு வருவாள், சடங்குக்கு என்ன செய்யப் போகிறாய் என்றார்கள். செய்யும்போது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

2005இல் தங்கசாமியின் குதிகாலில் ஒரு கல் குத்தியது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஆனால் அவர் அதை ஒரு வியாதியாக மதிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதால் புண்ணையும் மதிக்கவில்லை. சர்க்கரைக்காரருக்கு வலிக்காத புண்தான் மோசமான புண். மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு டிப்பர் ஓட்டினார். நாற்றம் வந்த பிறகுதான் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். இடது காலை முழங்காலுக்கு மேலே, தொடையில் எடுக்க வேண்டியதாயிற்று. மனைவி செத்து வெகுகாலம். ஒரே மகன் திருப்பூர் பனியன் கம்பெனியில். ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கச்சி வீட்டுக்கு வந்தார்.

பொன்னுத்தாய் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, புண் கழுவுவது, மாத்திரை, கஞ்சி. இல்லாத கால் அரிக்கிறது என்பார். அந்த இடத்தில் படுக்கையைச் சொறிந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்பார். காலையில் மற்றக் காலின் விரல்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அடுத்த ஐப்பசியில் ஒருநாள் பார்த்தபோது சுண்டுவிரல் கறுத்திருந்தது.

டாக்டரிடம் காட்டிவிட்டு, அடுத்த திங்கட்கிழமை டெலிபோன் பூத்துக்குப் போய் வீரமுத்துவைக் கூப்பிட்டாள். பாலைவனத்தில் இருந்தார். அங்கே பெரிய அதிகாரிகள் வந்து புது வண்டியைப் பார்க்கப் போகிறார்கள். இத்தனை வருடமாகக் காத்திருந்த நாள். வண்டியை ஓட்டிக் காட்டப் போவது இவர்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"ஏங்க, அண்ணனுக்கு இந்தக் காலுலயும் விரல் கறுக்குது. எடுக்கணும்னா எடுத்துத்தான் ஆவணும்ங்கறாரு டாக்டரு. ஏற்கனவே பாதி மடிதான் இருக்கு. அதுவும் போனா புள்ளைய யாரு மடியில வெச்சுக் குத்துறது? ஒங்க வண்டி மடியிலயா?"

அம்மன்கிட்ட சொன்னது இருக்கே என்றார். அதையும் அவள் கேட்டு வைத்திருந்தாள். அன்று காலையிலேயே சிறுவாச்சூர் போய்ப் பூசாரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வேண்டிக்கொண்டவன் நேரில் வந்து நிற்கட்டும், வாயால் சொன்னதை மாற்ற வேண்டுமென்றால் தலையால் கொடுக்கட்டும் என்றிருக்கிறார் பூசாரி. அதாவது மொட்டை. வருகிற வெள்ளிக்கிழமை வர முடியுமா என்று கேட்டாள். அதிகாரிகள் வருகிற நாளும் அதே வெள்ளிக்கிழமைதான். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

சாயங்காலம் ஷஃபியுல்லா வண்டியின் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வீரமுத்து பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னார். லீவு கேட்கவில்லை, என்ன செய்வதென்று கேட்டார். வெள்ளிக்கிழமை தாண்டட்டும், வண்டி நன்றாக ஓடிவிட்டால் வேண்டுதலும் நிறைவேறிவிடும், அதற்கடுத்த திங்கட்கிழமையே குத்திவிடலாம், அதுவரை அந்தக் கால் தாங்காதா என்று கணக்குப் போட்டார்.

ஷஃபியுல்லா டீயைக் கீழே வைத்தார்.

"நீங்க ஊருக்குப் போங்கண்ணே."

"வெள்ளிக்கெழம வண்டிய யாரு சார் ஓட்டுறது?"

"யாராவது ஓட்டுவாங்க. இது நல்லாவே ஓடும். ஓடினாலும் பட்டாளத்துக்குப் போவாதுண்ணே."

வீரமுத்து மந்தமில்லாத காதைத் திருப்பிக்கொண்டார். ஷஃபியுல்லா மெதுவாக விளக்கினார். இது பட்டாளத்துக்குக் கொடுப்பதற்குச் செய்த வண்டி இல்லை. இப்படியொரு வண்டியை நம்மால் செய்ய முடியுமா என்று பார்ப்பதற்குச் செய்தது. இதில் கற்றுக்கொண்டதை வைத்து இன்னொன்று வரைவார்கள். அது வேறு வண்டி, வேறு கணக்கு, வேறு ஆட்கள்.

"இது எப்பலேருந்து தெரியும் சார்?"

"மொதல்லேருந்தே அப்படித்தான். ஒங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன். அப்பறம் காது கதைய நீங்க சொன்னீங்க. சொன்னதுக்கப்பறம் எனக்கு வாய் வரல."

வீரமுத்து செயினில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தட்டிவிட்டார். கோபம் வரவில்லை, கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். மாற்று டிரைவரைக் கூப்பிட்டு, கியர் எங்கே முரண்டு பிடிக்கும், எந்த மேட்டில் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ரயிலேறினார்.

வெள்ளிக்கிழமை காலை சிறுவாச்சூரில் நல்ல கூட்டம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார்கள். வீரமுத்து முதலில் போய்த் தலையைக் கொடுத்தார். ஐம்பதை நெருங்குகிறவரின் நரைத்த முடி. எடுத்துப் பார்த்தால் ஒரு பிடிகூட இல்லை. அம்மன் முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. இந்த முறை சத்தமாகச் சொல்லவில்லை.

தங்கசாமியை வேனிலிருந்து இறக்க இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்து இழுத்தார்கள். வீரமுத்து அவர்களை விலக்கிவிட்டு, பின்பக்கமாகப் போய், அக்குள் வழியாக இரண்டு கையையும் விட்டு, நெஞ்சில் மணிக்கட்டைக் கோத்துப் பிடித்துத் தூக்கினார். முதுகு முறுக்கியது. ஆனால் ஆள் ஒரே தூக்கில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

தேவயானிக்குப் பத்து வயது, வளர்த்தியான பெண். மாமன் மடியில் உட்கார்ந்தாள், இடது பக்கமாகச் சரிந்தாள். அந்தப் பக்கம் தொடை பாதியோடு முடிந்திருந்தது. வீரமுத்து மண்டியிட்டுத் தன் முழங்காலை முட்டுக் கொடுக்கப் போனார். கூட்டத்தில் ஒரு கிழவர், அப்பன் தொடை சேராது, தாய்மாமன் மடிதான் முறை என்றார். ஆளுக்கொரு நியாயம் பேச ஆரம்பித்தார்கள். ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு நின்றார்.

பொன்னுத்தாய் வேனுக்குப் போய் அண்ணன் சாய்ந்துகொள்கிற தலையணையை எடுத்து வந்தாள். அவர் வேட்டிக்குள் காலில்லாத பக்கம் அதைத் திணித்து, இழுத்துச் செருகி, இரண்டு ஊக்குகளை மாட்டினாள். இப்போது வேட்டிக்குள் இரண்டு தொடை தெரிந்தது.

"வேட்டி அண்ணனது, தலவாணியும் அண்ணனது. குத்துங்க ஆசாரி."

கிழவர் ஒதுங்கி வழி விட்டார். தேவயானி உட்கார்ந்தாள், அசையவில்லை. தங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு அவளைப் பிடித்திருந்தார்.

"மாப்ள, கைப்புள்ளயா இருக்கையில குத்திருந்தா கோழிக்குஞ்சு கனந்தான் இருந்திருக்கும். ஒன் வண்டி மாதிரியே வருசா வருசம் கனத்துப் போனாளேப்பா இவ."

வலது காது, இடது காது. ஒரு சொட்டு ரத்தம் தலையணை உறையில் விழுந்தது. தங்கசாமி வாங்கி வைத்து மங்கிப் போயிருந்த அந்தப் பழைய தோடே ஏறியது. பொன்னுத்தாய் கண்ணாடியைக் காட்டினாள். தேவயானி முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கர் பொட்டே நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். அந்த வருடத்துக் கிடாவை அன்றைக்கு அடித்தார்கள்.

மாலையில் ஷஃபியுல்லா பூத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். வண்டி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, வழியில் நிற்கவில்லை. வந்திருந்த அதிகாரி வண்டியின் விலாவில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். இனிமேல் பெரிதாக ஒரு புது வண்டிக்கு முதலிலிருந்து திட்டம் போடுவார்கள். அதுவரை பழைய வண்டிக்கே வேறு எஞ்சின் வைத்து ஓட்டுவார்கள் போலிருக்கிறது என்றார். பாப்பா அழுதாளா என்று கேட்டார். இல்லை சார் என்றார் வீரமுத்து.

தேவயானியின் காது ஒரு மாதம் சீழ் பிடித்தது. உப்புத் தண்ணீரில் கழுவி, வேப்பங்குச்சி செருகி, தேங்காய் எண்ணெய் தடவி ஆற்றினாள் பொன்னுத்தாய். தங்கசாமியின் கால் ஆறவில்லை. தை பிறந்து கொஞ்ச நாளில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

2007இல் வீரமுத்து வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். இப்போது காலையில் தங்கசாமியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், இருட்டியதும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவது அவர் வேலை. பின்பக்கம் போய், அக்குளில் கை விட்டு, மணிக்கட்டைக் கோத்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தூக்குவார். தூக்கி வைத்த பிறகும் சற்று நேரம் பிடியை விடாமல் அப்படியே நிற்பார். தங்கசாமிக்கு அது பழகிவிட்டது.

"எறக்கியாச்சு மாப்ள," என்பார். "வுடு."